ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்கு நெய் ஆகாது: எல்லோருக்கும் சேர்த்து என்ன இனிப்பு செய்யலாம்?

புதுக்குடித்தனம்:
வணக்கம் தோழிகளே. வரும் ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு 12 பேரைக் கூப்பிட்டிருக்கிறோம். வாடகை வீடு, இரண்டு பர்னர் அடுப்பு, ஓவன் கிடையாது. காலையிலிருந்தே அந்த அடுப்பில் சாம்பார், கூட்டு, பொரியல் என்று ஓடிக்கொண்டிருக்கும், அதனால் பாகு காய்ச்சி நின்று கிளறுகிற இனிப்பு எதுவும் என்னால் முடியாது.

வருகிறவர்களில் என் நாத்தனார் கணவருக்கு சீலியாக் நோய், கோதுமை, மைதா, ரவை எதுவும் ஆகாது. என் கணவரோடு வேலை பார்ப்பவரின் பையனுக்கு ஐந்து வயது, வேர்க்கடலையும் முந்திரியும் அலர்ஜி. இன்னொரு தோழி வீகன், பால், நெய், தேன் எதுவும் தொடமாட்டார். மாமனாருக்குப் பல வருடமாகச் சர்க்கரை.

ஆளுக்கொரு கிண்ணம் வைத்து "இது உனக்கு, அது அவருக்கு" என்று பிரிக்க எனக்கு மனசே வரவில்லை. அந்தப் பையன் எந்த விசேஷத்துக்குப் போனாலும் முதலில் கேட்பது "உனக்கு இது வேண்டாம்" என்பதைத்தானாம், அவன் அம்மா சொன்னார். அதனால் எல்லோரும் ஒரே தட்டிலிருந்து எடுத்துச் சாப்பிடுகிற மாதிரி ஒன்று வேண்டும். பேரீச்சம்பழத்தையும் பொட்டுக்கடலையையும் அரைத்து உருண்டை பிடிக்கலாம் என்று நினைத்தேன். சரியா வருமா? முதல் நாள் ராத்திரியே செய்து வைக்கலாமா?

மதுரைப் பெரியம்மா:
நல்ல யோசனைம்மா, ஆனால் பொட்டுக்கடலை மட்டும் போட்டால் தொண்டையை அடைக்கும். வறுத்த எள் சேர்த்துக்கொள். விதை நீக்கிய பேரீச்சை 200 கிராம், வெறும் வாணலியில் வறுத்து ஆறவைத்த வெள்ளை எள் 100 கிராம், கொப்பரைத் துருவல் ஒரு கைப்பிடி, ஏலக்காய், துளி சுக்குப்பொடி, ஒரு சிட்டிகை உப்பு. பழம் காய்ந்து இருந்தால் வெந்நீரில் கொஞ்ச நேரம் ஊறவைத்துப் பிழிந்துகொள். மிக்ஸியை விட்டு விட்டு ஓட்ட வேண்டும், ஒரேயடியாக ஓட்டினால் எள் எண்ணெய் விட்டுவிடும். கையில் தேங்காய் எண்ணெய் தடவிப் பிடித்தால் ஒட்டாது, நெய்யும் தேவையில்லை. முதல் நாளே செய்வதாக இருந்தால் பச்சைத் தேங்காய் போடாதே, நம்ம வெயிலுக்கு ஊசிப்போகும், கொப்பரைதான் தாங்கும். வெள்ளைச் சர்க்கரை இல்லாததால் மாமனாரும் தாராளமாகச் சாப்பிடலாம்.

இரண்டு பிள்ளைகளின் அம்மா:
என் மகளுக்கும் வேர்க்கடலை அலர்ஜி, அதனால் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன். அந்தப் பையனின் அம்மாவுக்கு இன்றே போன் போட்டு எள்ளும் பொட்டுக்கடலையும் அவனுக்கு ஒத்துக்கொள்ளுமா என்று கேளுங்கள். எள்ளும் அலர்ஜி தரக்கூடியதுதான், வேர்க்கடலை ஆகாத சில பிள்ளைகளுக்குக் கடலை வகைகளும் ஒத்துக்கொள்ளாது. அடுத்து, பொட்டுக்கடலையை மளிகைக் கடையில் சில்லறையாக வாங்கவே வேண்டாம். வேர்க்கடலை மூட்டையும் பொட்டுக்கடலை மூட்டையும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும், அள்ளுவது ஒரே கரண்டியில். நான் அதை நின்று பார்த்த அன்றோடு சில்லறையில் வாங்குவதை நிறுத்திவிட்டேன்.

இதைவிட முக்கியம் உங்கள் மிக்ஸி. வேர்க்கடலைச் சட்னி அரைத்த ஜாரில் இந்த உருண்டையை அரைக்கவே கூடாது. மூடியில் இருக்கிற ரப்பர் வாஷரைக் கழற்றிப் பாருங்கள், அதன் பள்ளத்தில் பழைய பொடி அப்பியிருக்கும். பிளேடுக்கு அடியிலும் அப்படித்தான். துணியால் துடைத்தால் போகாது, கழற்றி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், முடிந்தால் கடலை படாத ஜாரை இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கும் பாக்கெட்டுகளின் உறையைத் தூக்கிப் போடாதீர்கள். அலர்ஜி விவரம் அதில் அச்சிட்டிருக்கும், வந்தவுடன் அந்த அம்மாவிடம் கொடுத்தால் அவரே படித்துப் பார்த்துக்கொள்வார். நீங்கள் வாயால் "ஒன்றும் இல்லை, கொடுங்கள்" என்று சொல்வதைவிட அதுதான் அவருக்கு நிம்மதி. மருந்து கையில் கொண்டுவருவார்கள், எந்தப் பையில் இருக்கிறது என்றும் கேட்டு வையுங்கள்.

கீழக்கரை வாசல்:
இவ்வளவு யோசிக்க வேண்டிய இடத்தில் அரைப்பதே வேண்டாம் சகோதரி, கடல்பாசி செய்யுங்கள், ஜெல்லி மாதிரி உறைகிற இனிப்பு. எங்கள் ஊரில் நோன்புக் காலத்தில் இது இல்லாத வீடு குறைவு. கடையில் சைனா கிராஸ் என்று கேட்டால் தருவார்கள். கடல் பாசியிலிருந்து எடுப்பது, அதனால் ஜெலட்டின் மாதிரி மாட்டு எலும்பு, தோல் என்ற பேச்சே இல்லை, உங்கள் வீகன் தோழிக்கும் சரி. கோதுமை இல்லை, பால் இல்லை, கடலை இல்லை.

10 கிராம் கடல்பாசியைக் கத்தரித்து 300 மில்லி தண்ணீரில் ஊறவைத்துக் கொதிக்கவிடுங்கள். நூல் நூலாக இருப்பது ஒன்றுகூடத் தெரியாமல் கரைய வேண்டும், அங்கேதான் அவசரப்படக் கூடாது. அரைகுறையாகக் கரைந்தால் சாப்பிடும்போது நாக்கில் நரநரவென்று படும். அடுப்பு வேலை இவ்வளவுதான், பத்துப் பதினைந்து நிமிடம். இறக்கி, 500 மில்லி இளநீர், இரண்டு இளநீரின் வழுக்கை, 200 மில்லி தேங்காய்ப்பால் சேர்த்துக் கலந்து தட்டில் ஊற்றுங்கள். இளநீரைப் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து அப்படியே ஊற்றாதீர்கள், சில்லென்று பட்டதும் பாசி அங்கங்கே கட்டிக்கொள்ளும். லேசாகச் சூடு காட்டிச் சேருங்கள். ஃபிரிட்ஜ் இல்லாமலே உறைந்துவிடும், வெயிலில் மேசையில் இருந்தாலும் ஜெலட்டின் போல இளகாது. பழத்துண்டு போட ஆசையென்றால் பச்சை அன்னாசிகூடப் போடலாம், ஜெலட்டினாக இருந்தால் அது உறையவே விடாது.

தினைச்சோறு:
எனக்கும் சீலியாக் இருக்கிறது, அதனால் ஒரு விஷயம். இனிப்பையே பார்த்துக்கொண்டு சாம்பாரை விட்டுவிடாதீர்கள். கடையில் விற்கிற கூட்டுப் பெருங்காயம் பலவற்றில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும், டப்பாவின் பின்பக்கம் பாருங்கள். அதேபோல அரிசி மாவு, தினை மாவு என்று மில்லில் அரைத்தது எதுவும் எங்களுக்கு ஆகாது, முந்தின ஆள் கோதுமை அரைத்த அதே கல்லில்தான் அரைப்பார்கள். கடல்பாசிக்கு நானும் ஓட்டுப் போடுகிறேன்.

டயாலிசிஸ் பிரிவு:
பெரியம்மா கோபித்துக்கொள்ளக் கூடாது. பேரீச்சை, வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரை ஏறத்தான் செய்யும். பேரீச்சையின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரைதான். "இது இயற்கை" என்று சொல்லி மூன்று உருண்டை சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை நான் வேலையில் பார்க்கிறேன், மனசு கஷ்டமாக இருக்கிறது. கடல்பாசியில் தனியாகச் சர்க்கரை போடாமல் இளநீரின் இனிப்போடு விட்டுவிட்டால் மாமனார் இரண்டு துண்டு சாப்பிடலாம், சோற்றைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டால் போதும்.

ஆனால் சர்க்கரை வந்து பல வருடமானவர் என்கிறீர்கள். சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அவரிடமோ மாமியாரிடமோ கேளுங்கள். டாக்டர் பொட்டாசியத்தைக் குறைக்கச் சொல்லியிருந்தால் இளநீர் கூடாது. அப்படியானால் இளநீருக்குப் பதில் வெறும் தண்ணீரும் ரோஜாப் பன்னீரும் ஊற்றி, ஆப்பிளைப் பொடியாக நறுக்கிப் போட்டு எல்லோருக்கும் அதையே செய்துவிடுங்கள். தேங்காய்ப்பாலும் வேண்டாம்.

புதுக்குடித்தனம்:
எல்லோருக்கும் ரொம்ப நன்றி. மாமியாரிடம் கேட்டேன், இளநீர் வேண்டாம் என்று டாக்டர் போன மாதமே சொல்லிவிட்டாராம், எங்களிடம் யாரும் சொல்லவில்லை. பையனின் அம்மாவிடமும் பேசினேன். எள் இதுவரை கொடுத்ததில்லை என்றார், அதனால் உருண்டை வேண்டாம். பன்னீர், ஆப்பிள் போட்ட கடல்பாசிதான். பெருங்காய டப்பாவைத் திருப்பினேன், கோதுமை மாவு என்று போட்டிருக்கிறது. பெருங்காயமே இல்லாமல் சாம்பார் வைத்துவிடுகிறேன். பன்னீர் வாங்கும்போது ஏதாவது பார்க்க வேண்டுமா? சனிக்கிழமை ராத்திரி செய்தால் ஆப்பிள் கருத்துவிடாதா?

கீழக்கரை வாசல்:
மேலே தெளிக்கிற பன்னீர் வேண்டாம், சமையலுக்கு உரியது என்று போட்ட பாட்டிலாக வாங்குங்கள். ஆப்பிளை நறுக்கியதும் எலுமிச்சை பிழிந்த தண்ணீரில் போட்டு வடித்துவிடுங்கள், பாசிக்குள் மூழ்கிய பிறகு கருக்காது. ஆறியதும் மூடி ஃபிரிட்ஜில் வையுங்கள், திறந்து வைத்தால் உள்ளே இருக்கிற பூண்டு, மாவு வாசமெல்லாம் அதில் ஏறிவிடும். கத்தியைத் தண்ணீரில் நனைத்து வெட்டினால் துண்டு சுத்தமாக வரும்.