டாக்ஸ் கிரெடிட்: 'வரிக்கடன்' வேண்டாம், 'வரிவழிப் படி' சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

மூன்று நாளாக இந்த இழையை மொரீஷியசின் ரோஸ் ஹில்லில் இருந்து படித்துவருகிறேன். வேலை பார்த்துக்கொண்டே பிள்ளை வளர்க்கும் குடும்பங்களுக்கு அரசு வரித்துறை வழியாகத் தரும் பணத்தை ஆங்கிலத்தில் 'டாக்ஸ் கிரெடிட்' என்கிறார்கள், அதற்குத் தமிழில் என்ன பெயர் என்பதுதான் கேள்வி. வரிக்கடன், வரி வரவு, வரிச்சலுகை, வரியீடு என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கிலும் எனக்குத் தயக்கம் உண்டு. முதல் சொல்லைப் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், அது எங்கள் வீட்டிலேயே நடந்த கதை.

மொரீஷியசில் 'க்ரெடி' என்றால் தெருமுனைக் கடையில் கணக்கு எழுதி வாங்கும் கடன். அரிசி, பருப்பு, எண்ணெய் என்று கடைக்காரர் சின்ன நோட்டில் குறித்து வைப்பார். மாதக் கடைசியில் சம்பளம் வந்ததும் தீர்க்க வேண்டும். 2003-ல், லண்டனில் இருந்த அத்தை மகள் போனில் பேசும்போது, பிள்ளைகளுக்கு டாக்ஸ் கிரெடிட் வருகிறது என்றாள். அத்தை இங்கே பின்னலாடை ஆலையில் வேலை பார்த்தவர். ரிசீவரை உள்ளங்கையால் மூடிக்கொண்டு என் பக்கம் திரும்பி, "எப்போ திருப்பிக் கட்டணுமாம்?" என்று கேட்டார். முகத்தில் அப்படி ஒரு கவலை. கடன் இல்லை, அரசு தருவது என்று நான் புரியவைப்பதற்குள் பேச்சே முடிந்துவிட்டது.

மறு ஆண்டு அவளுக்கு ஒரு கடிதம் வந்தது: கூடுதலாகத் தந்துவிட்டோம், பிடித்துக்கொள்வோம் என்று. "நான் அப்பவே சொன்னேன்ல, க்ரெடின்னு" என்றார் அத்தை.

இதைத்தான் கொழும்பு நண்பரும் வேறு விதமாகக் கேட்கிறார்:

> பிரித்தானியாவில் பலரிடம் திருப்பி வாங்கினார்களே, அப்படியானால் 'கடன்' என்பதில் என்ன பிழை?

பிழை இருக்கிறது, நண்பரே. அங்கே முந்தைய ஆண்டு வருமானத்தை வைத்துத் தொகையை முடிவு செய்து தந்துகொண்டே வருவார்கள். ஆண்டு முடிந்ததும் உண்மையான வருமானத்தோடு ஒப்பிட்டுக் கணக்கை நேர் செய்வார்கள். திருப்பிக் கேட்டது கூடுதலாகப் போனதை மட்டும். உரிய தொகை அவளுக்குச் சொந்தம். சம்பளத்தில் தவறிக் கூடுதலாக வந்ததைத் திருப்பிக் கேட்டால் சம்பளத்தையே கடன் என்று சொல்வோமா?

'வரி வரவு' கணக்குப் பதிவியலில் சரியான சொல்தான். இந்தியாவில் ஜிஎஸ்டி பற்றி எழுதும்போது 'உள்ளீட்டு வரி வரவு' என்கிறார்கள், வணிகருக்கு அது புரியும். ஆனால் வீட்டில் இருப்பவர் 'வரி வரவு' என்று படித்தால், அரசுக்கு வரி வருகிறது என்றுதான் எடுத்துக்கொள்வார். பணம் போகும் திசையே மாறிவிடுகிறது. 'வரிச்சலுகை' எல்லாவற்றுக்கும் பொது, எதையும் பிரித்துக் காட்டாது. கோவை ஐயா தந்த 'வரியீடு' முதலில் எனக்கும் பிடித்திருந்தது, ஈடுகட்டுவது என்ற பொருளில். ஆனால் இடு என்பதிலிருந்துதானே முதலீடும் ஒதுக்கீடும் வந்தன? அதே வழியில் போனால் 'வரியீடு' என்பது வரி போடுவது என்றாகிவிடும்.

ஆங்கிலத்தில் 'கிரெடிட்' என்ற ஒரே சொல் இரண்டு வேறு பொருள்களைத் தூக்கிச் சுமக்கிறது. குழப்பத்தின் வேர் அதுதான் என்பது என் எண்ணம். ஒருவர் 10 விழுக்காடு வரி கட்டுகிறார் என்று வைப்போம். வருமானத்தில் 1,000 ரூபாய் கழித்தால் அவருக்கு மிச்சம் 100 ரூபாய். கட்டவேண்டிய வரியிலேயே 1,000 கழித்தால் மிச்சம் முழு 1,000. அவர் கட்டவேண்டிய வரியே 400 தான் என்றால்? மீதி 600 சில திட்டங்களில் அப்படியே போய்விடும், இது முதல் வகை. சிலவற்றில் கையில் தருவார்கள், இது இரண்டாம் வகை. ஏழைக் குடும்பத்துக்கு இந்த 600 தான் முக்கியம்.

டர்பன் அண்ணன் குறிப்பிட்ட தென்னாப்பிரிக்க மருத்துவத் திட்டச் சந்தாவுக்கான கிரெடிட், 2012 மார்ச்சில் வந்தது, முதல் வகை. வரி சுழியம் ஆனதும் நின்றுவிடும். அமெரிக்காவில் 1975-ல் தொடங்கிய உழைப்பு வருமானத் திட்டம் இரண்டாம் வகை. 2021-ல் ஒரே ஓர் ஆண்டுக்கு அவர்கள் குழந்தைத் திட்டத்தையும் முழுக்க இரண்டாம் வகையாக்கினார்கள். 6 வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு 3,600 டாலர், 6 முதல் 17 வரை 3,000. அதில் பாதியை ஜூலையிலிருந்து மாதாமாதம் தந்தார்கள். வரியே கட்டாத தாய்க்கும் பணம் போனது. இதையும் டர்பன் சந்தாக் கணக்கையும் ஒரே சொல்லால் குறிக்க வேண்டும் என்று நமக்கு என்ன கட்டாயம்?

ஆகவே என் முன்மொழிவு: முதல் வகைக்கு 'வரிநேர்க் கழிவு', இரண்டாம் வகைக்கு 'வரிவழிப் படி'.

அகவிலைப்படி, பயணப்படி, வீட்டு வாடகைப்படி என்று 'படி' அன்றாடம் புழங்கும் சொல். சம்பளத்தோடு ஒட்டி வருவது, திருப்பிக் கேட்காதது என்று கேட்டவுடன் விளங்கும். இந்தத் திட்டங்களில் பலவும் வேலையோடு ஒட்டியவைதான். பிரிட்டனில் 1999 அக்டோபரில் வந்த திட்டத்துக்கு வாரம் 16 மணி நேரமாவது வேலை வேண்டும். வேலை கொடுப்பவரே சம்பளத்தோடு சேர்த்துத் தரும் வழியும் அதில் இருந்தது. அப்பா சம்பளத்தில் சேர்ந்தால் அம்மா கைக்கு வராது என்று அப்போது வருத்தப்பட்டவர்கள் உண்டு. 2003 ஏப்ரலில் அதை இரண்டாகப் பிரித்தபோது, குழந்தைக்கானது குழந்தையை முதன்மையாகப் பார்த்துக்கொள்பவரிடம் நேரே போனது. அந்த இரண்டையும் 'உழைப்போர் வரிவழிப் படி', 'குழந்தை வரிவழிப் படி' என்று எழுதலாம். 2025 ஏப்ரல் 5-உடன் இரண்டும் முடிந்துவிட்டன, ஆனால் மொழிபெயர்க்க வேண்டிய பழைய கடிதங்கள் இன்னும் பெட்டிகளில் இருக்கின்றன.

கோவை ஐயாவின் மறுப்பை விட்டுவிட முடியாது:

> படி என்றாலே படியளக்கிற பண்ணையார் நினைவுதான் வருகிறது.

ஐயா, எங்களுக்கும் அந்த நினைவு உண்டு. கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த எங்கள் முன்னோருக்கு மாதக் கூலியோடு அரிசியும் பருப்பும் அளந்து தர வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. கூலி எப்படி உரிமையோ, அரிசியும் அப்படியே உரிமை. அதனால் 'படி' என்று எழுத எனக்குக் கூச்சம் இல்லை. 'உதவித்தொகை' என்று எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது.

எங்கள் ஊருக்கும் இது உடனே தேவை. 2017-ல் இங்கே மாதம் 9,900 ரூபாய்க்கு மேல் சம்பளம் இல்லாத தொழிலாளருக்கு அதிகபட்சம் 1,000 ரூபாய் தரும் திட்டம் வந்தது. அதன் பெயரை 'எதிர்மறை வருமான வரி' என்று சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் யாராவது தண்டனை என்று நினைப்பார்கள். 2023 ஜூலையில் மூன்று வயது வரையான பிள்ளைக்கு மாதம் 2,000 ரூபாய் வந்தது. தந்தது வரித்துறையேதான். ரூபாய்த் தாளில் தமிழ் எழுத்து இருக்கிற நாடு இது. வரிப் படிவத்தில் தமிழ் இல்லை, அதனால் எங்கள் சனிக்கிழமை வகுப்பில் நாமாகத்தான் விளக்க வேண்டும்.

அப்புறம், சம்பளம் கூடக்கூடத் தொகை குறையும் வேகத்துக்குக் கொழும்பு நண்பர் தந்த 'தேய்வு வீதம்' அருமை. தேய்பிறை தெரிந்தவருக்கு இது தானாகப் புரியும். பிரிட்டனில் வருமான வரம்புக்கு மேல் ஒவ்வொரு பவுண்டுக்கும் 70 பென்ஸ் தேய்ந்தது 1999-ல் 55 ஆனது என்று எழுதிப் பார்த்தேன், சரளமாக வருகிறது.

ஒரு எச்சரிக்கை: 'வரிப்படி' என்று சுருக்க வேண்டாம், 'வரியின்படி' என்று படிக்க நேரும். சேர்த்து எழுதாமல் இடம்விட்டே எழுதுவோம்.

நேற்று அத்தையிடம் சொல்லிப் பார்த்தேன். "படின்னா அரிசி அளக்கிறதா?" என்றார். இது பணமாக வரும் படி, வேலை பார்க்கிறவர் பிள்ளைகளுக்கு வரி ஆபீஸ் வழியாக வருவது என்றேன். கொஞ்சம் யோசித்தார். "மாசாமாசமா, வருஷத்துக்கு ஒரு தடவையா?" என்று கேட்டார்.

சனிக்கிழமை மாலை வகுப்புக்கு இந்தச் சொல்லோடு கைத்தாள் அடிக்கப்போகிறேன். மறுப்பு இருந்தால் வியாழனுக்குள் எழுதுங்கள்.