ஃபுளூரைடைப் பற்றிக் கூத்து கட்டலாமா?

பாலக்கோடு ஆசிரியர்:
ஆழ்துளைக் கிணற்று நீரில் கலந்திருந்து, அளவு மிகுந்தால் பல்லையும் எலும்பையும் பாதிக்கும் ஃபுளூரைடைப் பற்றி ஊர்த் திருவிழாவில் ஒரு கூத்து நடத்த எங்கள் பள்ளி அறிவியல் மன்றம் எண்ணியுள்ளது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் 2013இல் வந்துவிட்டது என்றாலும், குழாயில் நீர் வராத நாள்களில் பலர் பழைய கிணற்று நீரையே குடிக்கின்றனர். பாரதக் கூத்தென்றால் விடிய விடிய அமரும் மக்கள், விழிப்புணர்வுக் கூட்டம் என்றதும் எழுந்துவிடுகின்றனர். நச்சுப் பொய்கை நீரைக் குடித்துத் தருமரின் தம்பியர் நால்வரும் வீழும் கட்டத்தை இதற்குப் பயன்படுத்தலாமா?

பென்னாகரம் கூத்து ரசிகர்:
தாராளமாகச் செய்யலாம், ஐயா. ஆனால் பாண்டவர் வாயில் ஃபுளூரைடு என்ற சொல்லே வரக் கூடாது. நடப்புச் செய்தியைப் பேசும் உரிமை, கூத்தில் கதையை அறிவித்துக் கேலியும் பேசும் கட்டியங்காரனுக்கே உண்டு. கதையை நிறுத்திவிட்டு ஒருவர் மைக்கில் விளக்கம் கொடுக்கத் தொடங்கினால், கூட்டம் டீக்கடைக்குப் போய்விடும்.

ஓசூர் குடிநீர்ப் பொறியாளர்:
நச்சுப் பொய்கையில்தான் எனக்குத் தயக்கம். அங்கே குடித்தவன் உடனே வீழ்கிறான். ஃபுளூரைடோ ஆண்டுக்கணக்கில் எலும்பில் சேர்ந்து மெல்ல முதுகை இறுக்குவது. ஆகவே அந்தக் காட்சியைக் கண்டவர், "முப்பது வருடமாகக் குடிக்கிறேன், விழவில்லையே" என்று சிரித்துவிட்டுப் போவார். அதைவிட, முதல் காட்சியில் தரைவரை குனிந்து சபைக்கு வணக்கம் சொல்லும் கட்டியங்காரன், காட்சிக்குக் காட்சி குனிய முடியாமல் போவதைக் காட்டினால், காலம் என்பதும் கதைக்குள் வந்துவிடும். நீரைக் காய்ச்சிக் குடித்தால் சரியாகிவிடும் என்ற வசனம் மட்டும் எங்கும் நுழைந்துவிடக் கூடாது. காய்ச்சினால் கிருமிதான் சாகும், நீர் ஆவியாவதால் ஃபுளூரைடின் செறிவு கூடவே செய்யும். திரைப்படத் துறையினரையும் அறிவியலாளர்களையும் இணைப்பதற்கென்றே அமெரிக்கத் தேசிய அறிவியல் கழகம் 2008இல் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இங்கும் கூத்து வாத்தியார் பாட்டுக் கட்டும்போதே நீர்ப் பரிசோதனை தெரிந்த ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒத்திகைக்குப் பிறகு திருத்தச் சொன்னால் எந்த வாத்தியார் கேட்பார்?

காரிமங்கலம் செவிலியர்:
பொறியாளர் சொன்ன முதுகுக் காட்சி நன்று. ஆனால் பற்கறையை நகைச்சுவையாக்க வேண்டாம். பல் உருவாகும் வயதில் இந்த நீரைக் குடித்ததால் கறை படிந்த பிள்ளைகள் முன்வரிசையிலேயே அமர்ந்திருப்பார்கள், வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கும் பெண்பிள்ளைகள் உட்பட. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற உலக சுகாதார நிறுவன வரம்பைத் தாண்டிய நீரும் தெளிவாகத்தான் இருக்கும். எனவே கட்டியங்காரனின் கேலி, தெளிவாக இருப்பதால் அது நல்ல தண்ணீர்தான் என்று சாதிக்கும் ஊர்ப் பெரியவர்மீது விழட்டும்.