பிள்ளைக்க மெடிக்கல் ரெக்கார்டு கவுன்சில்ல எதுக்கு? குமரி மாவட்டத்துல இருந்து இங்கிலாந்து வந்தவங்களுக்கு

கேள்வி:

அண்ணன்மார், அக்காமார், தக்கலைப் பக்கத்துல இருந்து குடும்பத்தோட இங்கிலாந்து வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. மூணு வயசுல ஒண்ணு, எட்டு மாசத்துல ஒண்ணு. ஹெல்த் விசிட்டர் வீட்டுக்கு வருவாங்கன்னு லெட்டர் வந்திருக்கு. மேல கவுன்சில் பேரு போட்டிருக்கு. கவுன்சில்னா குப்பை எடுக்கவும் வரி வாங்கவும் உள்ளவங்கதானே, அவங்களுக்கு எதுக்கு பிள்ளைக்க எடையும் தடுப்பூசி விவரமும்? நாம சொல்றது விசா ஆபீஸுக்குப் போகுமா? வேண்டாம்னு சொல்லலாமா?

பதில்:

முதலில் விசா. ஹெல்த் விசிட்டர் சேவை இலவசம். ‘பப்ளிக் ஃபண்ட்ஸ் கிடையாது’ என்று விசாவில் போட்டிருக்கும் நிபந்தனைக்குள் என்.எச்.எஸ். (இங்குள்ள அரசு மருத்துவ அமைப்பு) சேவை எதுவும் வராது. ஆஸ்பத்திரியில் 500 பவுண்டுக்கு மேல் கட்டாத பாக்கி இருந்தால் ஹோம் ஆபீஸுக்கு, அதாவது நீங்கள் சொல்லும் விசா ஆபீஸுக்கு, தெரிவிப்பார்கள் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அது கட்டணம் கட்ட வேண்டிய ஆட்களுக்கான சமாசாரம். அதை இதோடு போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

கவுன்சில் எதற்கு என்றால், நம்ம ஊரில் துணை சுகாதார நிலையத்து நர்ஸம்மா வீடு தேடி வந்து, அட்டையைப் பார்த்து, எடை போட்டு எழுதிக்கொண்டு போவார்களே, ஏறக்குறைய அந்த வேலைதான் இது. ஊரில் அது மாநில சுகாதாரத் துறையின் கையில். இங்கிலாந்தில் பள்ளி நர்ஸ் சேவை 2013 ஏப்ரலிலும், ஐந்து வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கான ஹெல்த் விசிட்டர் சேவை 2015 அக்டோபரிலும் கவுன்சில் பொறுப்புக்கு வந்தன. எல்லா கவுன்சிலும் இல்லை. லண்டனில் போரோ, வெளியே கவுண்டி கவுன்சில், அல்லது எல்லா வேலையையும் ஒரே கவுன்சிலே பார்க்கும் யூனிட்டரி, மெட்ரோபாலிடன் கவுன்சில்கள். கவுண்டிக்குக் கீழே குப்பை எடுக்கும் டிஸ்ட்ரிக்ட் கவுன்சிலுக்கு இதில் ஒரு பங்கும் கிடையாது. ஸ்காட்லாந்து, வேல்ஸ், வட அயர்லாந்தில் இருப்பவர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அங்கே இந்த வேலையைப் பார்ப்பது ஹெல்த் போர்டு, டிரஸ்ட் என்ற அரசு மருத்துவ அமைப்புகள்தான்.

சில கவுன்சில்கள் ஹெல்த் விசிட்டர்களைத் தாங்களே சம்பளத்துக்கு வைத்திருக்கின்றன. பல கவுன்சில்கள் பணம் கொடுத்து ஒரு என்.எச்.எஸ். டிரஸ்டிடம் வேலையை ஒப்படைத்திருக்கின்றன. இரண்டாவது வகையில் பிள்ளையின் ரெக்கார்டு பெரும்பாலும் டிரஸ்டிடம்தான் இருக்கும், கவுன்சிலிடம் இருக்காது. பின்னால் நகல் கேட்கும்போது பலர் மாட்டுவது இங்கேதான். லெட்டரின் அடியில் ‘பிரைவசி நோட்டீஸ்’ என்று ஒரு இணைப்பு இருக்கும். அதில் ‘டேட்டா கண்ட்ரோலர்’ (பதிவுக்குப் பொறுப்பான அமைப்பு) என்று யார் பெயர் போட்டிருக்கிறதோ அதைக் குறித்து வையுங்கள். அந்த ஒரு வரிக்காக மட்டுமாவது அதைத் திறந்து பாருங்கள்.

கவுன்சிலே நடத்தினாலும் வரி செக்ஷனில் இருப்பவர் உங்கள் பிள்ளையின் எடையைப் பார்க்க முடியாது. மருத்துவப் பதிவு சிஸ்டம்ஒன், ரியோ போன்ற தனி மென்பொருளில் இருக்கும். திறப்பதற்கு வேலையை ஒட்டிய அனுமதி வேண்டும். யார், எப்போது திறந்தார் என்பதும் பதிவாகும். பிள்ளைகளின் பாதுகாப்பைக் கவனிக்கும் கவுன்சில் பிரிவான சோஷியல் சர்வீசஸின் கோப்பு வேறு சிஸ்டம்.

இனி ‘வேண்டாம்னு சொல்லலாமா’. இங்கே இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஹெல்த் விசிட்டர் வருவது, பிள்ளையைப் பரிசோதிப்பது, ஊசி போடுவது, இதற்கெல்லாம் உங்கள் சம்மதம் வேண்டும். வேண்டாம் என்று சொல்லலாம். ஆனால் பதிவை வைத்திருப்பது உங்கள் சம்மதத்தின் பேரில் நடப்பதில்லை. யு.கே. ஜி.டி.பி.ஆர். என்ற தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் பொதுப்பணி என்ற 6(1)(இ) பிரிவும், மருத்துவப் பராமரிப்பு என்ற 9(2)(எச்) பிரிவும்தான் ஆதாரம். அதனால் ‘சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன், எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள்’ என்று எழுதினால் பெரும்பாலும் மறுத்துத்தான் பதில் வரும். பிள்ளைகளின் பதிவை 25-வது பிறந்த நாள் வரை வைத்திருப்பது பொது விதி. சிகிச்சை முடியும்போது 17 வயது என்றால் 26 வரை. அழிக்கக் கேட்டு மல்லுக்கட்டுவதை விட, முதல் பதிவைச் சரியாக ஏற வைப்பதில் மெனக்கெடுவதுதான் புத்திசாலித்தனம்.

ஒரு விஷயத்தை நான் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட வேண்டும். பிள்ளைக்கு ஆபத்து என்று சந்தேகம் வந்தால் உங்கள் சம்மதம் இல்லாமலே சோஷியல் சர்வீசஸுக்கும் போலீஸுக்கும் தகவல் போகும். 1989-ம் ஆண்டு சில்ட்ரன் ஆக்டின் 47-வது பிரிவு விசாரணை அதற்காகத்தான். கோர்ட் உத்தரவு வந்தாலும் கொடுத்தாக வேண்டும்.

இன்னொருவர் பதில்:

முதல் விசிட்டுக்கு முன்னால செய்ய வேண்டியதை நான் சொல்றேன். எல்லாத்துக்கும் மூலம் ஜி.பி. (குடும்ப டாக்டர்) பதிவுதான். ஜி.பி.யில சேர்த்தாதான் பிள்ளைக்கு என்.எச்.எஸ். நம்பர் விழும். அதை வச்சுத்தான் பிள்ளைங்க ஊசி விவரத்தை வச்சிருக்குற சைல்டு ஹெல்த் இன்ஃபர்மேஷன் சர்வீஸும் ஹெல்த் விசிட்டர் டீமும் பிள்ளையைத் தெரிஞ்சுக்கும். லெட்டர் வந்தாச்சுன்னா உங்க பதிவு அங்க போய்ச் சேந்தாச்சுன்னு அர்த்தம்.

அதுல பேரு எப்படி ஏறியிருக்குன்னு பாருங்க. நம்ம ஆளுங்களுக்கு வாற பாதிச் சிக்கல் இனிஷியல்ல இருந்துதான். ஊர்ல ‘ஜெ. அபிஷா’ன்னா போதும். இங்க ஃபர்ஸ்ட் நேம், சர்நேம்னு ரெண்டு கட்டம், ரெண்டையும் நிரப்பணும். பாஸ்போர்ட்டுல சர்நேம் கட்டம் காலியா இருந்தா ரிசப்ஷன்ல உள்ளவங்க ஏதாவது ஒண்ணைப் போட்டு நிரப்புவாங்க. ஜி.பி.யில ஒரு மாதிரி, நர்சரியில ஒரு மாதிரி, ரெட் புக்குல (பிள்ளைக்க எடை, ஊசி எல்லாம் எழுதுற புத்தகம்) இன்னொரு மாதிரி. சில நேரம் ஒரே பிள்ளைக்கு ரெண்டு என்.எச்.எஸ். நம்பரே விழுந்துடும். அப்போ ஊசி போட்டது ஒரு நம்பர்ல, ‘ஊசி போடவில்லை’ன்னு லெட்டர் வாறது இன்னொரு நம்பர்ல. பாஸ்போர்ட், ஈ-விசா ரெண்டுலயும் உள்ள எழுத்து எதுவோ அதையே எல்லா இடத்துலயும் கொடுங்க. வீட்டுல கூப்பிடுற பேரைக் கொடுக்கவே வேண்டாம்.

ரெண்டாவது தடுப்பூசி அட்டை. ஆசாரிபள்ளத்துல பிறந்த பிள்ளைன்னா தாய்-சேய் அட்டை இருக்கும். மார்த்தாண்டம், களியக்காவிளைப் பக்கத்து ஆளுங்க பலரும் பிரசவத்துக்குத் திருவனந்தபுரம் போவாங்க, அப்போ பாதி ஊசி கேரளா அட்டையிலயும் மீதி ஊர் அட்டையிலயும் கிடக்கும். ரெண்டையும் எடுத்து வையுங்க. ஊசி பேரு, தேதி, போட்ட இடம்னு ஒரு தாள்ல இங்கிலீஷ்ல வரிசையா எழுதி, அட்டை நகலோட கொடுங்க. நம்பகமான பதிவு இல்லைன்னா ‘ஊசியே போடாத பிள்ளை’ன்னு எடுத்துக்கிட்டு முதல்ல இருந்து தொடங்கணும்ங்கறதுதான் இங்க உள்ள வழிகாட்டு விதி. பென்டாவாலன்ட்னு (அஞ்சு நோய்க்கு ஒரே ஊசி) எழுதியிருந்தா போலியோ தனியா போட்டதையும் சேர்த்து எழுதுங்க. ஏன்னா இங்க போலியோவும் சேர்த்து ஆறு நோய்க்கும் ஒரே ஊசி. ஒன்பதாம் மாசம் போட்ட எம்.ஆர். (தட்டம்மை, ரூபெல்லா) ஊசியை இங்க கணக்குல எடுக்க மாட்டாங்க, முதல் பிறந்த நாளுக்கு முன்னால போட்டதுன்னு. அதுல மம்ப்ஸும் கிடையாது. திரும்பப் போடணும்னு சொன்னா பதிவுல தப்புன்னு சண்டைக்குப் போகாதீங்க.

ஒரு வேண்டுகோள். அட்டையையோ ரெட் புக்கையோ படம் எடுத்து ‘இது சரியா பாருங்க’ன்னு சர்ச் குரூப்புலயும் ஊர்ச் சங்கக் குரூப்புலயும் போடாதீங்க. அந்த ஒரு படத்துல பேரு, பிறந்த தேதி, வீட்டு விலாசம், என்.எச்.எஸ். நம்பர் எல்லாம் இருக்கு. கவுன்சில் மேல சந்தேகப்படுற நாம இருநூறு பேர் இருக்குற குரூப்புக்கு யோசிக்காம அனுப்புறோம்.

மூன்றாவது பதில்:

நம்ம பிள்ளைகளுக்கு முக்கியமான ஒன்று விட்டுப்போயிற்று. இடுப்புக்குக் கீழே, பின்புறத்தில், சில பிள்ளைகளுக்கு முதுகிலும் தோளிலும் பிறவியிலேயே நீலமும் சாம்பலும் கலந்த திட்டு இருக்கும். ஊரில் யாரும் அதைப் பொருட்டாக எடுப்பதில்லை. வளர வளர மங்கிவிடும். இங்கே அதைப் புதிதாகப் பார்க்கும் ஒருவர் அடிபட்ட கன்றல் என்று எண்ணிவிட வாய்ப்பு உண்டு. இன்னும் தவழாத குழந்தை உடம்பில் கன்றல் தெரிந்தால் பல பகுதிகளில் நேராகக் குழந்தை மருத்துவருக்கும் சோஷியல் சர்வீசஸுக்கும் தெரிவிக்க வேண்டும் என்பது நடைமுறை. இங்கே பிறந்த குழந்தைக்கு ஆஸ்பத்திரிப் பரிசோதனையிலேயே எழுதியிருப்பார்கள். ஊரில் பிறந்து வந்த குழந்தைக்கு எழுதுவதற்கு ஆள் இல்லை.

எட்டு மாதக் குழந்தைக்கு முதல் விசிட்டிலேயே நீங்களாகக் காட்டுங்கள். எந்த இடம், எவ்வளவு பெரிது, என்ன நிறம் என்பதை உடல் வரைபடத்தில் குறித்து, தேதியும் கையெழுத்தும் போட்டு, அவர்கள் சிஸ்டத்திலும் ரெட் புக்கிலும் ஏற்றச் சொல்லுங்கள். ரெட் புக் இல்லையென்றால் அவர்களிடமே கேட்டு வாங்கலாம். ஊர் டிஸ்சார்ஜ் சீட்டில் அந்தத் திட்டு பற்றி ஒரு வரி இருந்தால் அதையும் காட்டுங்கள்.

அந்த விசிட்டில் அம்மாவைத் தனியாக வைத்து, வீட்டில் பயம், அடிதடி ஏதும் உண்டா என்று கேட்கக்கூடும். எல்லா அம்மாக்களிடமும் கேட்பதுதான். வீட்டுக்காரர் கோபித்துக்கொள்ள ஒன்றும் இல்லை. அதற்கான பதிலை ரெட் புக்கில் எழுத மாட்டார்கள், அது வீட்டில் எல்லோர் கையிலும் போகிற புத்தகம். இங்கிலீஷ் தடுமாறினால் தமிழ் இன்டர்பிரிட்டர் வேண்டும் என்று முன்கூட்டியே போன் செய்து சொல்லுங்கள். அவருக்கும் ரகசியம் காக்கும் கடமை உண்டு. கணவரையோ மூத்த பிள்ளையையோ வைத்து மொழிபெயர்ப்பது நல்லதல்ல.

மறு கேள்வி:

ரொம்ப நன்றி. மூத்தவன் அடுத்து ரிசப்ஷன் (இங்க ஸ்கூல்ல சேர்ற முதல் வகுப்பு) போவான். ஸ்கூல்ல எடை போட்டு ‘குண்டு’ன்னு லெட்டர் வரும்னு சொல்றாங்க. அதுவும் கவுன்சிலா? அப்புறம், இவங்க எழுதி வச்சிருக்கிறதை நாம பார்க்க முடியுமா?

பதில்:

ஆமாம், அதுவும் கவுன்சில்தான். ரிசப்ஷனிலும் ‘இயர் 6’ வகுப்பிலும் உயரமும் எடையும் எடுப்பார்கள். ஷூவும் கோட்டும் கழற்றினால் போதும், சாதாரண உடையோடுதான். பெயர், பிறந்த தேதி, இனம், போஸ்ட்கோடு, அளவுகள் எல்லாம் என்.எச்.எஸ். இங்கிலாந்துக்குப் போகும். முன்கூட்டியே லெட்டர் வரும். வேண்டாம் என்றால் அதில் சொன்ன தேதிக்குள் தெரிவித்தாக வேண்டும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் சரி என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். தனிப்பட்ட பிள்ளையின் முடிவை டீச்சருக்கோ மற்ற பிள்ளைகளுக்கோ கொடுப்பதில்லை. பள்ளியில் போடும் தடுப்பூசிக்கு வரும் சம்மதப் படிவம் வேறு. அது கவுன்சில் வேலை இல்லை.

பார்க்க முடியும். ‘சப்ஜெக்ட் ஆக்சஸ் ரிக்வஸ்ட்’ என்று தலைப்பிட்டு ஒரு ஈமெயில் போதும், பணம் கிடையாது. படிவம் தருவார்கள், ஆனால் அது கட்டாயமில்லை. பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, என்.எச்.எஸ். நம்பர், இருந்த விலாசங்கள், எந்தச் சேவையின் பதிவு, எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை என்று எழுதுங்கள். உங்கள் அடையாளச் சான்றும், நீங்கள் பெற்றோர் என்று காட்டும் பிறப்புச் சான்றும் அதே மெயிலில் போகட்டும். அவர்கள் அதைக் கேட்டால், நீங்கள் அனுப்பும் வரை ஒரு மாதக் கெடு ஓடத் தொடங்காது. ஊர்ப் பிறப்புச் சான்றில் பிள்ளையின் பெயர் ஏறாமலே இருப்பது நம்மிடம் அடிக்கடி நடப்பது. அப்படியானால் முதலில் ஊரில் பெயரை ஏற்றி வாங்குங்கள்.

பதில் ஒரு மாதத்துக்குள் வர வேண்டும். சிக்கலான கோரிக்கை என்றால் மேலும் இரண்டு மாதம் எடுக்கலாம், ஆனால் அதை முதல் மாதத்துக்குள்ளேயே சொல்லிவிட வேண்டும். தாமதத்துக்குப் பெரும்பாலும் இரண்டு காரணம்: டிரஸ்டிடம் இருப்பதைக் கவுன்சிலிடம் கேட்பது, ‘எல்லா ரெக்கார்டும் வேண்டும்’ என்று அகலமாகக் கேட்பது. ஜி.பி. பதிவு வேண்டுமென்றால் ஜி.பி.யிடம் தனியாகக் கேட்க வேண்டும். வரும் நகலில் சில வரிகள் கறுப்படித்திருக்கும். வேறொருவரைப் பற்றிய தகவல் அது. அப்பா நகல் கேட்கும்போது, அம்மா தனியாகச் சொன்னதும் இப்படிக் கறுப்படிப்பதில் சேரும்.

தேதி, எடை, பெயர் தப்பென்றால் திருத்தச் சொல்லி ஆதாரத்தோடு எழுதுங்கள், அதற்கும் ஒரு மாதம்தான். ‘அம்மா சோர்வாகத் தெரிந்தார்’ போன்ற அபிப்பிராயத்தை அழிக்க மாட்டார்கள். உங்கள் மறுப்பையும் அதோடு சேர்த்து வைக்கச் சொல்லலாம். பதிலே வரவில்லை என்றால் அந்த அமைப்பின் டேட்டா புரொடெக்ஷன் ஆபீஸருக்குப் புகார், பிறகு தகவல் பாதுகாப்பைக் கண்காணிக்கும் ஐ.சி.ஓ. அமைப்புக்கு, அவர்கள் எண் 0303 123 1113.

கடைசியாக ஒரு சின்னக் குறிப்பு:

ஊருக்கு இரண்டு மாதம் லீவில் போகிறீர்கள் என்றால் ஜி.பி.க்கும் ஹெல்த் விசிட்டருக்கும் போகும் தேதி, திரும்பும் தேதி இரண்டையும் மெயிலில் சொல்லிவிட்டுப் போங்கள். சொல்லாமல் போனால் தவறிய அப்பாயின்ட்மென்டுக்கு ‘பிள்ளையை அழைத்து வரவில்லை’ என்று பதிவு விழும். அது இரண்டு மூன்று ஆனால் பிள்ளை எங்கே என்று தேட ஆரம்பிப்பார்கள். வேறு கவுன்சில் எல்லைக்கு வீடு மாறும்போதும் இதே கதைதான். பழைய டீமிடம் புது விலாசம் சொல்லிவிட்டு, வீடு மாறிய வாரமே புது ஜி.பி.யில் சேர்த்துவிடுங்கள்.