மேயருக்கு ஓட்டுப் போட்டோமா?

கூடல்நகர்:
தமிழ்நாட்டு மாநகராட்சித் தேர்தல் பற்றி ஒரு நண்பர் "2022-ல் ஓட்டுப் போட்டு மேயரைக் கொண்டுவந்தோம்" என்று பெருமையாக எழுதியிருக்கிறார். எங்கே போட்டீர்கள் ஐயா? பிப்ரவரி 19 அன்று நமக்கு இருந்தது ஒரே ஓட்டு, அதுவும் வார்டு கவுன்சிலருக்கு. மேயரை மார்ச் 4-ல் கவுன்சிலர்கள் கூடித் தேர்ந்தெடுத்தார்கள். கட்சி முந்தின நாளே பெயரை அறிவித்துவிட்டது. சென்னையில் போட்டியே இல்லை.

பொருநைக்காரன்:
அந்த "நண்பர்" நான்தான். பெயர் சொல்லக்கூட மனசு வரலையா? நான் போட்ட ஓட்டில் ஜெயித்த கவுன்சிலர்தானே மேயரைத் தேர்ந்தெடுத்தார்? முதல்வரையும் அப்படித்தானே எம்.எல்.ஏ.க்கள் தேர்ந்தெடுக்கிறார்கள்? அங்கே மட்டும் வாய் திறக்க மாட்டீர்கள்.

கூடல்நகர்:
சுற்றி வளைக்காதீர்கள். மேயருக்கு ஓட்டுப் போட்டீர்களா, இல்லையா? 2011-ல் கவுன்சிலருக்கு ஒன்று, மேயருக்கு ஒன்று என்று தனித்தனியாகப் போட்டோம். அதைப் பிடுங்கிவிட்டார்கள்.

அடையாற்றங்கரை:
பிடுங்கியது யார் என்பதையும் சொல்லுங்களேன். 1996-ல் மேயரை மக்களே தேர்ந்தெடுக்கும் நேரடித் தேர்தல். 2006-ல் தி.மு.க. ஆட்சி அதைக் கவுன்சிலர்கள் தேர்ந்தெடுக்கும் மறைமுகத் தேர்தலாக்கியது. 2011-ல் அ.தி.மு.க. மறுபடி நேரடியாக்கியது.

பொருநைக்காரன்:
அதோடு ஏன் நிறுத்திவிட்டீர்கள்? 2016-ல் அதே அ.தி.மு.க. மறைமுகம், 2018-ல் நேரடி, 2019-ல் அவசரச் சட்டம் போட்டு மறுபடி மறைமுகம். பாதி வரலாறு பேசுவதே உங்களுக்கு வேலை.

அடையாற்றங்கரை:
ஆரம்பித்தது யார்? 2006! 2006!

மதில்மேல்:
நேரடியோ மறைமுகமோ, நிர்வாகம் மாநகராட்சி கமிஷனர் கையில். அங்கி மேயருக்கு, அதிகாரம் ஐ.ஏ.எஸ். அதிகாரிக்கு. இதை விட்டுவிட்டு ஓட்டை எண்ணிக்கொண்டிருக்கிறீர்கள்.

கூடல்நகர்:
வந்துட்டார் நடுநிலை. போன மாதம் வார்டு மறுவரையறை பற்றிக் கேட்டபோது பதில் சொல்லாமல் நழுவியவர்தானே நீங்கள்? மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்த மேயரிடம் கமிஷனர் கொஞ்சமாவது யோசித்துப் பேசுவார். கவுன்சிலர்கள் தயவில் உட்கார்ந்தவர் தினமும் கவுன்சிலர்களுக்குத்தான் பயப்படுவார். 2024 ஜூலையில் கோவை, நெல்லை மேயர்கள் ராஜினாமா செய்தார்களே, அவர்களைத் தேர்ந்தெடுத்ததும் நாமில்லை, மாற்றியதும் நாமில்லை.

பொருநைக்காரன்:
எங்கள் நெல்லையை இழுக்காதீர்கள். நேரடி மேயர் ஒரு கட்சி, மாமன்றத்தில் பெரும்பான்மை இன்னொரு கட்சி என்றால் ஒரு தீர்மானமாவது நிறைவேறுமா?

மதில்மேல்:
நழுவினேனா? அன்று நான் கேட்ட கேள்விக்கே நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.

ஓடைக்கரை:
2016 அக்டோபரில் நீதிமன்றம் உள்ளாட்சித் தேர்தலை ரத்து செய்தது. 2022 வரை மேயரும் கவுன்சிலரும் இல்லாமல், அரசு நியமித்த தனி அலுவலர் ஆட்சி. எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடை பொங்கி வாசற்படி வரை வந்தபோது, போய்க் கேட்க ஒரு கவுன்சிலர்கூடக் கிடையாது. உதவிப் பொறியாளர் போனை எடுக்கவே இல்லை. அந்த 5 வருஷத்தைப் பற்றி இங்கே ஒருத்தருக்கும் கோபம் இல்லையா?

அடையாற்றங்கரை:
வழக்குப் போட்டது யார் என்று முதலில் பாருங்கள்.

பொருநைக்காரன்:
அந்தத் தேர்தலுக்கான இடஒதுக்கீட்டு அறிவிப்பை ஒழுங்காகச் செய்திருந்தால் யாரும் வழக்குக்கே போயிருக்க மாட்டார்கள்!

கூடல்நகர்:
வழக்கை அப்புறம் பேசலாம். பொருநைக்காரன், உங்கள் பதில் இன்னும் வரவில்லை. மேயர் பெயர் போட்ட வாக்குச்சீட்டையோ இயந்திரத்தையோ 2022-ல் பார்த்தீர்களா, இல்லையா?

பொருநைக்காரன்:
முதல்வர் கேள்விக்கு நீங்கள் முதலில் பதில் சொல்லுங்கள்.