வியட்நாம் முகவரியில் மாவட்டம் எங்கே போச்சு?

கேள்வி (மண்டபம்):
நம்மகிட்ட நண்டு வாங்குற வியட்நாம் கம்பெனியோட பழைய முகவரி: வார்டு 1, வூங் தாவ் நகரம், பா ரியா-வூங் தாவ் மாகாணம். இப்ப வந்த ஆர்டர்ல "வூங் தாவ் வார்டு, ஹோ சி மின் நகரம்"னு இருக்கு. ரெண்டும் ஒரே இடமா?

பதில் (தொண்டி):
ஒரே இடம்தான் அண்ணே. 2025 ஜூலை 1 முதல் அங்க நடு அடுக்கையே எடுத்துட்டாங்க. முன்னாடி மாகாணம், மாவட்டம், கம்யூன் (நம்ம பஞ்சாயத்து மாதிரி கீழ் அடுக்கு)னு மூணு அடுக்கு. இப்ப மாகாணம், கம்யூன் ரெண்டுதான். 63 மாகாண அலகுகள் 34 ஆச்சு: 28 மாகாணம், மாகாணத்துக்குச் சமமான 6 மத்திய நகரங்கள். பா ரியா-வூங் தாவும், பின் யூங் (Binh Duong) மாகாணமும் ஹோ சி மின் நகரத்தோட சேர்ந்துடுச்சு. கீழ் அடுக்குல நாட்டுப்புறம்னா கம்யூன், நகரம்னா வார்டு, சில தீவுகள்னா சிறப்பு மண்டலம். வூங் தாவ் முன்னாடி மாவட்ட அடுக்கு நகரம். அந்தப் பேர் இப்ப வெறும் வார்டுக்குத்தான்.

பதில் (பாம்பன்):
நம்ம ஊர்ல யூனியன் ஆபீசை மூடிட்டு, அதோட வேலையில பெரும்பங்கைப் பஞ்சாயத்துக்கே கொடுத்த மாதிரி. அதனாலதான் கம்யூன்களையும் பெருசாக்கினாங்க; பத்தாயிரத்துக்கு மேல இருந்தது 3,321 ஆயிடுச்சு. ரெண்டு அடுக்குலயும் தேர்ந்தெடுத்த மக்கள் மன்றம், நிர்வாகம் பாக்குற மக்கள் குழு உண்டு. அதுக்குக் கீழ இருக்கிற கிராமம் நிர்வாக அடுக்கே இல்ல.

பதில் (தொண்டி):
பில்லுல முகவரியைப் பாதி பழசு, பாதி புதுசுன்னு கலக்காதீங்க. பழைய முகவரி இருக்கிற கம்பெனிப் பதிவுச் சான்று அங்க செல்லும். அதனால வாங்குறவரோட பதிவுச் சான்றுல எப்படி இருக்கோ அப்படியே இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், சுகாதாரச் சான்று மூணுலயும் போடுங்க. அவரோட வரி எண்ணையும் சேர்த்துக்குங்க, கம்பெனிக்கு அடையாளம் அதுதான். சுகாதாரச் சான்று அச்சாகுறதுக்கு முன்னாடியே இந்த விவரங்களை அவர்கிட்ட கேட்டு வாங்கிடுங்க. சரக்கு போன பிறகு திருத்துறது பெரும்பாடு.