குமரி மாவட்டத்தில் பார்க்க வேண்டிய புத்தக, கலை விழாக்கள் எவை?

குழித்துறைக்காரன் கேட்டது:
பதினோரு ஆண்டுகள் வளைகுடாவில் வேலை பார்த்துவிட்டுச் சென்ற ஆடியில் ஊருக்கே திரும்பிவிட்டேன். கையில் ஒரு பழைய நிக்கான் கேமராவும், வாங்கி அடுக்கியும் இன்னும் பிரிக்காத கொஞ்சம் புத்தகங்களும் இருக்கின்றன. 1977 முதல் நடந்துவரும் சென்னைப் புத்தகக் காட்சிக்கும் கொச்சி பினாலே கலைக் கண்காட்சிக்கும் ஒவ்வொரு முறையும் போய்வருவது இனி ஆகாத காரியம். நம் மாவட்டத்துக்குள்ளேயே தவறவிடக் கூடாதவை எவை, எப்போது போனால் நிதானமாகப் பார்க்கவும் படம் எடுக்கவும் முடியும் என்று அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

வடசேரி வாசகர்:
நாகர்கோவிலில் மாவட்ட நிர்வாகம் நடத்தும் புத்தகத் திருவிழாவுக்கு, வேலை நாளில் அரங்குகள் திறந்த கையோடு போய்விடுங்கள். சனி, ஞாயிறு மாலைகளில் பாதிக் கூட்டம் பட்டிமன்றத்துக்கு வருவது, மீதிக் கூட்டம் மிளகாய் பஜ்ஜிக்கு வருவது. வழக்கமான பத்து விழுக்காட்டுத் தள்ளுபடியை நம்பிப் போவதில் பொருளில்லை. கடையில் கிடைக்காத நூலை நின்ற நிலையில் நாலு பக்கம் படித்துப் பார்க்க முடிகிறதே, அதற்குத்தான் போக வேண்டும். 1988இல் எழுத்தாளர் சுந்தர ராமசாமி தொடங்கிய காலச்சுவடு இதழின் பதிப்பகம் நம் ஊரிலேயே இருப்பதால் அதன் நூல்களை எந்நாளும் வாங்கிக்கொள்ளலாம்; விழாவில் கிடைக்கும் நேரத்தைச் சிறு பதிப்பகங்களுக்கும் வட்டார வரலாற்று நூல்களுக்கும் கொடுங்கள்.

தோவாளைக்காரன்:
குழித்துறையில் இருந்துகொண்டு விழா எங்கே என்று கேட்கிறீர்களே, அண்ணாச்சி! நவராத்திரிக்காகப் பத்மநாபபுரத்துச் சரஸ்வதியும், வேளிமலைக் குமாரசுவாமியும், சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரத்துக்கு எழுந்தருளும்போது முதல் இரவு தங்குவது உங்கள் ஊரில்தான். மார்கழியில் சுசீந்திரம் திருவிழாவின் மூன்றாம் நாள் இரவு நடக்கும் மக்கள்மார் சந்திப்பையும் விட்டுவிடாதீர்கள். கோட்டாறு வலம்புரி விநாயகர் உள்ளிட்ட பிள்ளைகள் தாய் தந்தையரைக் காண வருவதாக ஐதீகம். கோயிலுக்குள் கேமராவைத் தூக்க வேண்டாம். படத்துக்கு ஒன்பதாம் நாள் தேரோட்டமும் ரத வீதியும் போதும்.

இரணியல் வில்லிசை ரசிகன்:
மேலே சொன்னவற்றுக்கெல்லாம் நாள் குறிக்கலாம். பங்குனி, சித்திரையில் தொடங்கும் அம்மன் கோயில் கொடை விழாக்களுக்கு ஊரில் ஆள் தெரிந்திருக்க வேண்டும், அல்லது சுவரொட்டியைப் பார்த்துக்கொண்டே பைக்கில் போக வேண்டும். என் கணக்கில் மாவட்டத்தின் முதன்மையான கலைவிழா அதுதான். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கொடையில், நள்ளிரவு கடந்து வில்லுப்பாட்டுக் கதை உச்சத்துக்கு ஏறியிருந்த நேரத்தில், குடத்தைத் தட்டும் பத்தி அதன் வாயில் விழும் அந்த நொடியைப் பிடிக்க ஆசைப்பட்டு நான் பிளாஷைத் தட்டிவிட்டேன். பாடிக்கொண்டிருந்த புலவர், நாணைத் தட்டும் வீசுகோலை வில்லின் நாணின்மேல் அப்படியே கிடத்திவிட்டு என்னைப் பார்த்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. முன்வரிசையில் பாய் விரித்து உட்கார்ந்திருந்த பாட்டிமார்தான் சொல்ல வேண்டியதையெல்லாம் சொன்னார்கள். அதன் பின்னர் பொழுதிருக்கும்போதே போய் வில் கட்டுவதிலிருந்து பார்ப்பது, குழுவினரிடமும் கோயில் பொறுப்பாளர்களிடமும் கேட்டுக்கொள்வது, பந்தல் விளக்கொளியிலேயே கேமராவின் ஒளியுணர்வு அளவான ஐ.எஸ்.ஓ.வை உயர்த்தி எடுப்பது என்று பழக்கிக்கொண்டேன். சாமி வந்து ஆடுபவர்களின் முகத்துக்கு நேரே மட்டும் இன்றுவரை கேமராவை நீட்டியதில்லை.

குழித்துறைக்காரன்:
மூவருக்கும் நன்றி. சிறுவயதில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து நான் பார்த்த யானை, சரஸ்வதி அம்மன் போன யானைதான் என்பது இப்போதுதான் பிடிபடுகிறது. இந்தப் புரட்டாசியில் அங்கிருந்தே தொடங்குகிறேன். இரணியல் நண்பரே, பங்குனியில் நீங்கள் கொடைக்குப் புறப்படும்போது ஒரு வார்த்தை சொல்லுங்கள். பிளாஷை வீட்டிலேயே வைத்துவிட்டு வருகிறேன்.