இங்கிலாந்துக்குப் புதிதாக வந்தவர்களுக்கு: உங்கள் ஊர்ச் சிறிய கிளப்பின் கால்பந்து மைதானத்துக்கு ஒரு சனிக்கிழமை சென்று வாருங்கள்

வேலைக்கோ படிப்புக்கோ இங்கிலாந்துக்கு வந்து சேரும் நம்மவர்களில் கால்பந்தில் ஆர்வம் உள்ளவர்கள் முதல் மாதத்திலேயே தேடத் தொடங்குவது பிரீமியர் லீக் டிக்கெட்டைத்தான். பெரிய கிளப்புகளின் டிக்கெட்டுகள் பெரும்பாலும் உறுப்பினர்களுக்கே விற்றுத் தீர்ந்துவிடுவதால், இணையத்தில் எவரோ விற்கும் டிக்கெட்டை இரண்டு மூன்று மடங்கு விலை கொடுத்து வாங்கி, அது செல்லாத டிக்கெட் என்று மைதான வாசலில் தெரிந்துகொண்டு திரும்பியவர்களின் கதையை நீங்களும் கேட்டிருப்பீர்கள். கிளப்பின் அனுமதியின்றிக் கால்பந்து டிக்கெட்டை மறுவிற்பனை செய்வது இந்நாட்டில் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அதைவிட முக்கியமாக நான் சொல்ல விரும்புவது, உங்கள் முதல் ஆட்டத்தை நீங்கள் குடியிருக்கும் ஊரின் சிறிய கிளப்பில் பாருங்கள் என்பதே. பெரிய மைதானத்தில் நீங்கள் பல்லாயிரம் பேரில் ஒருவர். சிறிய மைதானத்தில் மூன்றாவது முறை போகும்போது வாசலில் நிற்பவருக்கு உங்கள் முகம் தெரிந்திருக்கும். அறிமுகம் எவரும் இல்லாத ஓர் ஊரில் வாழத் தொடங்குபவருக்கு இது சிறிய விஷயம் அல்ல.

இங்குள்ள லீக் அமைப்பைச் சற்றுத் தெரிந்துகொண்டால் எங்கே போவது என்பது எளிதாகும். மேலே பிரீமியர் லீகில் 20 கிளப்புகள். அதன் கீழே சாம்பியன்ஷிப், லீக் ஒன், லீக் டூ ஆகியவற்றில் தலா 24 கிளப்புகள். இவை சேர்ந்து 92. ஐந்தாம் அடுக்கு நேஷனல் லீக், ஆறாம் அடுக்கு நேஷனல் லீக் வடக்கு, தெற்கு என்னும் இரு பிரிவுகள். அதற்கும் கீழே இஸ்த்மியன் லீக், சதர்ன் லீக், நார்தர்ன் பிரீமியர் லீக் என்று வட்டார லீகுகள் விரிந்துகொண்டே போகின்றன. நேஷனல் லீக் தொடங்கி அதற்குக் கீழ் உள்ள எல்லாவற்றையும் மக்கள் ‘நான்-லீக்’ என்றே சொல்வார்கள். பருவ முடிவில் முன்னணியில் வரும் கிளப்புகள் மேல் அடுக்குக்கு ஏறுவதாலும் கடைசியில் வரும் கிளப்புகள் கீழ் அடுக்குக்கு இறங்குவதாலும் இந்த அடுக்குகள் அனைத்தும் ஒன்றோடொன்று இணைந்தவை என்பதால், கீழே நடப்பதும் மெய்யான போட்டியே. லெஸ்டர் சிட்டி 2016இல் பிரீமியர் லீக் பட்டம் வென்றபோது முன்வரிசையில் நின்று கோல்களைக் குவித்த ஜேமி வார்டி, அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்புவரை ஸ்டாக்ஸ்பிரிட்ஜ் பார்க் ஸ்டீல்ஸ் என்னும் நான்-லீக் கிளப்பில் ஆடிக்கொண்டிருந்தவர்.

லண்டனிலும் சுற்றுவட்டாரத்திலும் தமிழர்கள் செறிந்து வாழும் பகுதிகள் பலவற்றில் இத்தகைய மைதானம் பேருந்து தூரத்திலேயே இருக்கிறது. சட்டன் பக்கம் இருப்பவர்களுக்கு வெஸ்ட் சட்டன் ரயில் நிலையத்தை ஒட்டி சட்டன் யுனைடெட்டின் கேண்டர் கிரீன் லேன், சவுத் ஹாரோவில் ஹாரோ பரோவின் எர்ல்ஸ்மீட், ரைஸ்லிப்பில் வெல்ட்ஸ்டோன் கிளப்பின் குரோவ்னர் வேல், டூட்டிங், மிச்சம் பகுதியினருக்கு இம்பீரியல் ஃபீல்ட்ஸ், இல்ஃபோர்டில் கிரிக்கிள்ஃபீல்ட். மற்ற நகரங்களிலும் உங்கள் ஊர்ப் பெயரோடு ‘ஃபுட்பால் கிளப்’ என்று சேர்த்துத் தேடினால் ஒன்றாவது கிடைக்காமல் போகாது.

ஆட்டங்கள் பெரும்பாலும் சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்குத் தொடங்கும். வார நடுவில் என்றால் பொதுவாகச் செவ்வாய் இரவு 7.45. சனிக்கிழமை 2.45 முதல் 5.15 வரை இந்நாட்டில் எந்தக் கால்பந்து ஆட்டத்தையும் தொலைக்காட்சியில் நேரலையாகக் காட்டக் கூடாது என்ற கட்டுப்பாடு நெடுங்காலமாக இருந்துவருகிறது. பெரிய ஆட்டத்தை வீட்டில் உட்கார்ந்து பார்ப்பதற்காக மக்கள் உள்ளூர் மைதானங்களைக் கைவிட்டுவிடக் கூடாது என்பதே அதன் நோக்கம். நம் ஊர்க் கிளப் தன் வாசலைத் திறக்கும் நேரத்துக்கு ஒரு நாடே இடம் விட்டு வைத்திருக்கிறது என்பது எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு.

புறப்படும் முன் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள். அன்று காலை கிளப்பின் இணையதளத்தையோ சமூக ஊடகப் பக்கத்தையோ பார்த்து ஆட்டம் நடக்கிறதா என்று உறுதிப்படுத்திக்கொள்ளுங்கள். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை புல்தரையில் தண்ணீர் தேங்குவதும் பனியில் தரை இறுகுவதும் சாதாரணம். நடுவர் காலையில் வந்து தரையைப் பார்த்து, ஆட முடியாது என்று சொல்லிவிட்டால் ஆட்டம் ஒத்திவைக்கப்படும், சில சமயம் தொடங்குவதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்புகூட. செயற்கைத் தரை உள்ள கிளப்புகளில் இந்தத் தொல்லை குறைவு. நேஷனல் லீகிலும் கீழேயும் செயற்கைத் தரைக்கு அனுமதி உண்டு, லீக் டூவிலும் அதற்கு மேலும் இல்லை. அதனால்தான் சட்டன் யுனைடெட் 2021இல் லீக் டூவுக்கு ஏறியபோது தன் செயற்கைத் தரையைப் பெயர்த்தெடுத்துவிட்டுப் புல் போட வேண்டியிருந்தது. வார இறுதியில் ரயில் பாதைப் பராமரிப்புப் பணிகள் நடக்கும் என்பதால் திரும்பும் ரயிலையும் முன்கூட்டியே பார்த்துக்கொள்வது நல்லது.

வட்டார லீகுகளில் பெரியவர்களுக்கான டிக்கெட் பெரும்பாலும் 10 முதல் 15 பவுண்டுக்குள் இருக்கும். மேல் அடுக்குகளுக்குப் போகப்போகக் கூடும். குழந்தைகளுக்கு மிகக் குறைந்த கட்டணமோ இலவசமோ இருக்கும், மூத்தோருக்கும் மாணவர்களுக்கும் சலுகை உண்டு. மாணவர் அட்டையைக் கையில் வைத்திருங்கள். வட்டாரக் கிளப்புகளில் முன்பதிவு பெரும்பாலும் தேவையில்லை. டர்ன்ஸ்டைல் எனப்படும் சுழல்கதவின் சிறு ஜன்னலில் பணம் கட்டிவிட்டு உள்ளே நுழையலாம். அட்டை மட்டும் வாங்குபவர்களும் பணம் மட்டும் வாங்குபவர்களும் இருப்பதால் இரண்டையும் கொண்டு செல்லுங்கள். லீக் ஒன், லீக் டூ கிளப்புகளுக்குச் செல்பவர்கள் இணையத்தில் டிக்கெட் வாங்கும்போது உள்ளூர் ரசிகர்களின் பகுதியையே தேர்ந்தெடுக்க வேண்டும். அங்கே வெளியூர் ரசிகர்களுக்குத் தனி வாசலும் தனிப் பகுதியும் இருக்கும். எதிரணியின் நிறத்தில் சட்டை அணிந்து உள்ளூர்ப் பகுதியில் அமர்ந்தால் ஸ்டீவர்ட் எனப்படும் மைதான ஒழுங்குப் பணியாளர் வந்து உங்களை எழுப்பிவிடுவார். பெரிய பைகளையும் அனுமதிக்க மாட்டார்கள்.

கீழ் அடுக்குகளில் இந்தப் பிரிவினை பெரும்பாலும் இல்லை. இரு அணிகளின் ரசிகர்களும் ஒரே வேலியின் மேல் கை ஊன்றி நின்று பார்ப்பார்கள். தங்கள் அணி கோல் அடிக்க வேண்டிய வலைக்குப் பின்னால் முதல் பாதியில் நிற்பவர்கள், இடைவேளையில் கொடிகளையும் மேளத்தையும் தூக்கிக்கொண்டு எதிர்ப்புறம் நடந்துபோவார்கள்; எதிரணி ரசிகர்கள் அவர்களைக் கடந்து இந்தப் பக்கம் வருவார்கள். கோட்டு நடுவர் உங்களுக்கு இரண்டு கை தூரத்தில் ஓடுவார். கோல்கீப்பர் தன் தடுப்பாட்டக்காரர்களைப் பெயர் சொல்லி அதட்டுவதும், இருவர் மோதும்போது முன்காலில் கட்டிய ஷின்பேட் தட்டுப்படும் ஓசையும் தெளிவாகக் கேட்கும். பந்து வேலியைத் தாண்டிப் பக்கத்துத் தோட்டத்தில் விழுந்தால் அதை எடுத்து வர ஒரு சிறுவன் ஓடுவான். ஆட்டத்தை இவ்வளவு அருகில் பார்த்த பிறகுதான், தொலைக்காட்சியில் நிதானமாகத் தெரியும் ஓட்டம் எத்தனை வேகமானது என்பது எனக்குப் புரிந்தது.

இங்கே பல மைதானங்களில் நாற்காலிகள் குறைவு. டெரஸ் எனப்படும் கான்கிரீட் படிகளில் நின்றுதான் பார்க்க வேண்டும். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ மைதானத்தில் ஏற்பட்ட நெரிசலில் 97 பேரின் உயிர் போன பிறகு, அதை விசாரித்த நீதிபதி டெய்லரின் அறிக்கை அடிப்படையில் மேல் இரண்டு அடுக்குகளின் மைதானங்கள் முழுவதும் இருக்கைகளாக மாற்றப்பட்டன. கீழ் அடுக்குகளில் நின்று பார்க்கும் வழக்கம் தொடர்ந்தது. அந்த வரலாறு தெரிந்தால், நடைபாதையில் நிற்காதீர்கள், படிவழியை அடைக்காதீர்கள் என்று ஸ்டீவர்ட்கள் திரும்பத் திரும்பச் சொல்வதன் காரணம் விளங்கும். ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான பெற்றோரை அழைத்துச் செல்வதாக இருந்தால் கூரையுள்ள இருக்கைப் பகுதியை முன்பே கேட்டு வையுங்கள். நிற்பவர்கள் காலணியில் கவனம் செலுத்துங்கள். மேலே எத்தனை கோட்டு போட்டாலும் குளிர் கான்கிரீட்டிலிருந்து பாதத்தின் வழியாகத்தான் ஏறும். தடித்த அடியுள்ள காலணியும் கம்பளிக் காலுறையும் இருந்தால் இரண்டு மணி நேரத்தைச் சமாளித்துவிடலாம். டிசம்பரில் நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் என்பதால் இரண்டாம் பாதி முழுவதும் மின்விளக்கு வெளிச்சத்தில் நடக்கும், அப்போது குளிரும் கடுமையாகிவிடும்.

உணவுக் கடையில் தேநீர், சிப்ஸ், பர்கர், மாவு உறைக்குள் இறைச்சி போன்றவற்றை வைத்துச் சுடும் ‘பை’ ஆகியவை கிடைக்கும். மாட்டிறைச்சி உண்ணாதவர்கள் அந்தப் ‘பை’யின் உள்ளே என்ன என்று கேட்டே வாங்குங்கள். குளிருக்கு எல்லாரும் கையில் பிடித்துக் குடிக்கும் போவ்ரில் என்னும் சூடான பானம் மாட்டிறைச்சிச் சாற்றில் செய்யப்படுவது என்பது புதிதாக வருபவர்களுக்குத் தெரிவதில்லை. சைவர்கள் சிப்ஸ் எந்தக் கொழுப்பில் பொரிக்கப்படுகிறது என்பதையும் கேட்கலாம்; இப்படிக் கேட்பதை எவரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே நடந்து வருபவர் நீட்டும் குலுக்கல் சீட்டை விருப்பம் இருந்தால் வாங்குங்கள். அந்தப் பணத்தில் ஒரு பங்கு பரிசுக்கும் மறு பங்கு கிளப்பின் செலவுக்கும் போகும், சிறிய கிளப்புகள் பல இத்தகைய சில்லறை வரவுகளை நம்பியே நடக்கின்றன.

சட்டம் சார்ந்த சிலவற்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். முதல் ஐந்து அடுக்குகளின் ஆட்டங்களில் களம் கண்ணுக்குத் தெரியும் இடத்தில் மது அருந்துவது 1985ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். அதற்குக் கீழே அந்தத் தடை இல்லை என்பதால் பக்கத்தில் நிற்பவர் கையில் பியர் கோப்பையோடு பார்ப்பதைக் காண்பீர்கள். 1991ஆம் ஆண்டுச் சட்டம் பொருள்களை வீசுவது, இனவெறிக் கோஷம் எழுப்புவது, உரிமையின்றிக் களத்துக்குள் இறங்குவது ஆகிய மூன்றையும் குற்றமாக்கியது. வெற்றிக் களிப்பில் எல்லாரும் களத்துக்குள் ஓடினாலும் விசாவில் இருக்கும் நீங்கள் வேலிக்கு வெளியிலேயே நில்லுங்கள். விசா நீட்டிப்புக்கும் குடியுரிமைக்கும் விண்ணப்பிக்கும்போது குற்றப் பதிவுகளைப் பற்றிக் கேட்கிறார்கள்.

கெட்ட வார்த்தைகள் காதில் விழும், குறிப்பாக நடுவரை நோக்கி. அது அங்கு பழகிய ஒன்று, உங்களைக் குறித்தது அன்று. ஆனால் உங்கள் நிறத்தையோ பிறப்பையோ குறித்து எவராவது பேசினால் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. நேரத்தையும் அவர் நின்ற இடத்தையும் குறித்துக்கொண்டு உடனே ஸ்டீவர்டிடம் சொல்லுங்கள். கால்பந்தில் இனவெறியை எதிர்க்க 1993இல் தொடங்கப்பட்ட ‘கிக் இட் அவுட்’ அமைப்பிடமும் புகார் அளிக்கலாம். 2019 அக்டோபரில், பெரிய கிளப்புகளும் சிறிய கிளப்புகளும் சேர்ந்து ஆடும் எஃப்.ஏ. கோப்பைப் போட்டியின் தகுதிச் சுற்று ஒன்றில் வடக்கு லண்டனின் ஹேரிங்கே பரோ கிளப்பின் வீரர்கள் மீது இனவெறி வசை வீசப்பட்டபோது, அதன் மேலாளர் தன் அணி முழுவதையும் களத்தைவிட்டு வெளியே அழைத்துச் சென்றார். ஆட்டம் கைவிடப்பட்டுப் பின்னர் மறுபடி நடத்தப்பட்டது. சின்னஞ்சிறு கிளப் ஒன்று அந்த முடிவை எடுத்ததை நாடே பேசியது.

ஒரு முறை போய்விட்டு நிறுத்திவிடாதீர்கள். அடுத்த உள்ளூர் ஆட்டத்துக்கும் போய் அதே இடத்தில் நில்லுங்கள். இங்கே ஆட்டம் பார்ப்பவர்கள் ஆண்டுக்கணக்கில் ஒரே தூணருகே நிற்பவர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் தரை எப்படி இருக்கிறது, புதிய முன்கள வீரர் தேறுவாரா என்று கேட்டால் பேச்சு தானாக வளரும். ‘சார்’ என்று அழைக்க வேண்டாம். அவர்கள் உங்களை ‘மேட்’ என்பார்கள், நீங்களும் அப்படியே சொல்லலாம். ஏ.எஃப்.சி. விம்பிள்டன் போன்ற சில கிளப்புகளின் பெரும்பங்கு ரசிகர் அறக்கட்டளைகளின் உடைமை; ஆண்டுச் சந்தா கட்டி உறுப்பினரானால் உங்களுக்கும் ஒரு வாக்கு உண்டு.

நான்-லீக் கிளப்புகளில் வாசலில் நிற்பவர், தேநீர் ஊற்றுபவர், களத்தில் கோடு போடுபவர் என்று பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்களே. உதவி செய்ய விரும்புகிறேன் என்று சொன்னால் மகிழ்ச்சியோடு ஏற்பார்கள். பின்னாளில் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது உங்களை அறிந்தவர் என்று குறிப்பிட ஓர் உள்ளூர்க்காரரும் கிடைப்பார். குழந்தைகளோடு பழகும் பணி என்றால் முதலில் குற்றப் பதிவு உண்டா என்று பார்க்கும் டி.பி.எஸ். சரிபார்ப்பு செய்வார்கள். மாணவர் விசாவில் இருப்பவர்கள் மட்டும் ஒரு விஷயத்தில் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்: தொழில்முறை விளையாட்டு வீரராகவோ பயிற்சியாளராகவோ பணிபுரிய அந்த விசா அனுமதிப்பதில்லை. எனவே நீங்கள் நன்றாக ஆடுவதைப் பார்த்து ஒரு கிளப் அணியில் சேர அழைத்தாலோ, சிறுவர்களுக்குப் பயிற்சி அளிக்கச் சொன்னாலோ, சம்பளம் இல்லை என்றாலும்கூட, பல்கலைக்கழகத்தின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டு, பதில் வந்த பிறகே ஒப்புக்கொள்ளுங்கள்.